குத்துவிளக்கை எந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஏற்றுவது?

நேற்று நம் கம்ப்யூட்டர்காரர்கள் அரட்டைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், தான் அமைக்கப்போகும் நெட்வொர்க்கைப் பற்றி ஆர்வத்தோடு எழுதியிருந்தார். "இதில் தலைமை சர்வரே கிடையாது, எல்லாக் கம்ப்யூட்டரும் சமம்" என்று முடித்திருந்தார். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். நான் தூக்கவில்லை. இதே வாக்கியத்தை ஒரு சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லி, மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நெளிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் குழுவிலிருந்து நீக்க மறந்துவிட்டீர்கள். அதற்குத் தண்டனையாக இதைப் படியுங்கள்.

அப்போது நான் மலாக்காவில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பொறுப்பாளன். தர்ஷினி அங்கே பகுதிநேரமாகப் பாடம் எடுத்துக்கொண்டு ஆய்வுப் பட்டத்துக்குப் படித்தவள். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் எந்தத் தாமான் குடியிருப்பில், எந்தத் தெருவில், எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்று கணக்கிடுவதுதான் அவள் ஆய்வு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்குகள். ஒரு கம்ப்யூட்டரில் போட்டால் அவளுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை பிறந்தாலும் முடியாது. பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டருக்கு நீண்ட வரிசை. தவணை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது முறை கிடையாது என்று கடிதமும் வந்துவிட்டது. குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முடிவுகளைப் பதிவேற்ற வேண்டும். தவறினால் பதிவு ரத்து, நான்கு வருட உழைப்பு குப்பைக்கூடைக்கு.

"அங்கிள், வீட்ல எல்லாம் கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்கு? அத எல்லாம் சேத்துப் போட முடியாதா?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன். பியர்-டு-பியர், அதாவது தலைமை சர்வர் இல்லாமல் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளும் முறையைப் பற்றி நிறையப் படித்து வைத்து, அதைக் காட்ட ஆள் கிடைக்காமல் நான் தவித்துக்கொண்டிருந்த காலம் அது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரை நேராகப் பார்க்க முடியாது. நடுவில் மோடம் காவல் நிற்கும். நாங்கள் போட்ட மென்பொருள், இணையத்தின் மேலேயே இன்னொரு கற்பனை நெட்வொர்க்கை விரித்தது. மலாக்காவின் ஒரு கோடியில் உம்பாயில் உள்ள கம்ப்யூட்டரும் மறுகோடியில் தங்கா பத்துவில் உள்ளதும் ஒரே மேசையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கத்தார் சிலரை மட்டும்தான் தெரியும். செய்தி கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரும். நாலைந்து கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் மற்றவை வழி மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. புதிதாக உள்ளே வரும் கம்ப்யூட்டருக்கு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவருடைய முகவரியாவது தெரிந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவருக்கு ஒரு சொந்தக்காரரையாவது தெரிந்திருப்பது போல. அவரைப் பிடித்துவிட்டால் மற்றவர்களை அவர் அறிமுகப்படுத்திவிடுவார். அதற்காக ஒரு சிறு பட்டியல் எழுதி எல்லாக் கம்ப்யூட்டரிலும் வைப்போம். நான் ஐந்து முகவரி எழுதினேன். இந்த ஐந்தை மறந்துவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர்களுக்கு நாங்கள் போய் நின்றது எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தில். தலைவர் தலையசைத்தால் முப்பது வீடு கிடைக்கும். தலைவர் நல்ல மனிதர். ஆனால் அவர் பெயர் இல்லாத அழைப்பிதழை அவர் படித்ததில்லை, அவர் பேசாத கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. நான் படம் போட்டு விளக்கினேன். தலைமை கிடையாது, எல்லாரும் சமம் என்றேன். மேடையில் எல்லாரும் நெளிந்தார்கள்.

"அப்ப மொத கம்ப்யூட்டர் எது?" என்றார் தலைவர்.

"மொதல்னு ஒன்னும் இல்லீங்க தலைவரே."

"தொடக்க விழாவுல குத்துவிளக்க எந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால ஏத்துறது?"

எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. தர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய நான்கு வருடம் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்தாங்க மொதல்ல. மத்ததெல்லாம் அது வழியாத்தான் உள்ள வரும்."

தலைவர் முகத்தில் விளக்கு எரிந்தது. அன்றைக்கே, தலைவர் வீடு போக, முப்பத்து நான்கு வீடுகள் சேர்ந்தன.

இதுவரை செய்தது தந்திரம். அடுத்து செய்தது மடத்தனம். ஐந்து முகவரிப் பட்டியலைச் செயற்குழுவிடம் மரியாதைக்காகக் காட்டினேன். முதலில் தலைவர் வீடு, சரி. இரண்டாவதாகச் செயலாளர் வீடு, மூன்றாவதாகத் துணைத்தலைவர் வீடு, பிறகு உம்பாயில் சங்கத்தின் கம்ப்யூட்டர் அறை, கடைசியில் குருபோங்கில் லெட்சுமி அக்கா வீடு. துணைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் செயலாளருக்குக் கீழயா?" என்றார். மாற்றி எழுதினேன். செயலாளர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அகர வரிசையில் போட்டேன். தலைவர் கீழே போய்விட்டார். இரண்டு கூட்டம் இதிலேயே போனது. வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன.

கடைசியில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அலுவலகத்துக்குப் போய்த் தலைவருடையது தவிர மற்ற நான்கு முகவரிகளையும் அழித்தேன். தலைவர் வீடு மட்டும் நின்றது. இனி யார் யாருக்குக் கீழே என்ற கேள்வியே இல்லை. ஒருத்தருக்கும் மனத்தாங்கல் இல்லை. தலையே இல்லாத நெட்வொர்க்குக்கு என் கையாலேயே ஒரு தலையை ஒட்டவைத்தேன். தர்ஷினியிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

விழா ஜாம் ஜாமென்று நடந்தது. தலைவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. மாலை காற்றுத் துவாரத்தை அடைத்து அது சூடேறிவிட்டது. அவர்கள் போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் மாலையை எடுக்க விட்டார்கள்.

கணக்கு ஓடியது. அருமையாக ஓடியது. ஒரே ஒரு விநோதம். வாரத்தில் மூன்று நாள், பிற்பகலில், ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டரும் பத்தே நிமிடத்தில் காணாமல் போகும். ஒரு மணி நேரத்தில் திரும்பி வரும். நாங்கள் படித்த புத்தகங்களில், கணினிகள் ஒவ்வொன்றாக, அதனதன் நேரத்தில்தான் கெடும். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் நம் ஊர் இடியைப் பார்த்ததில்லை. முக்கியமாக, லெட்சுமி அக்காவைப் பார்த்ததில்லை.

லெட்சுமி அக்கா குருபோங் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை இடி விழுந்து அவர் வீட்டில் மோடம், டிவி, பிரிட்ஜ் மூன்றும் ஒன்றாக வெந்துபோயின. அன்றிலிருந்து வானம் முணுமுணுத்தால் போதும், அவர் போனை எடுத்துவிடுவார். "எடி வருது, பிளக்க பிடுங்குங்க." வட்டாரத்துப் பிள்ளைகள் அவருக்கு இடி ஆண்டி என்றே பெயர் வைத்திருந்தார்கள். தலைவர் சுற்றறிக்கை விட்டால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். அக்கா சொன்னால் முப்பத்து நான்கு பிளக்கும் சுவரை விட்டு வெளியே வந்துவிடும். தலைவர் வீட்டில் மட்டும் பிடுங்க மாட்டார்கள். அவர் வீட்டுக் கூரையில் இடிதாங்கி இருந்தது. அதனால்தான் மற்றவை எல்லாம் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது திறக்க ஆள் இருந்தது. என் மடத்தனம் மூன்று வாரம் வெளியே தெரியாமல் போனதும் அதனால்தான்.

கடைசி வாரம் புதன்கிழமை காலையில் தலைவர் குடும்பத்தோடு வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் சுங்கை பட்டாணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார். பொறுப்பான மனிதர், மெயின் சுவிட்சை அணைத்து, கேட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பிற்பகல் வரை கணக்கு அவர் இல்லாமலே ஓடியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அவர் தேவையில்லை. நாலு மணிக்கு இடி இடித்தது. அக்கா போன் செய்தார். எல்லாம் அணைந்தன. ஐந்தரைக்கு மழை விட்டு எல்லாரும் பிளக்கைத் திரும்ப மாட்டினார்கள்.

ஒன்றுகூட வரவில்லை. எங்கள் பழைய மென்பொருள், ஒருமுறை அணைத்தால் அக்கம்பக்கத்தாரை மறந்துவிடும். முப்பத்து நான்கும் எழுந்து தலைவர் வீட்டுக் கதவைத் தட்டின. உள்ளே யாரும் இல்லை.

தர்ஷினி என் அறைக்கு ஓடி வந்தாள். "அங்கிள், ஏன் ஒன்னையுமே காணோம்? இன்னும் அஞ்சுல ஒரு பங்கு பாக்கி இருக்கு."

"மழையில லைன் ப்ராப்ளம்மா. வந்துரும்" என்றேன்.

கூசாமல் சொன்னேன். இடி மேல் பழி போட்டால் அது வந்து மறுக்கவா போகிறது?

அவள் போனதும் தலைவருக்குப் போன் அடித்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவர் குரலில் வந்த சந்தோஷத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

"நான் இல்லாம ஓடலியா?"

"ஓடலீங்க."

"பாத்தீங்களா. தல இல்லன்னீங்களே." பக்கத்தில் யாரிடமோ திரும்பி, "நான் இல்லாம அங்க ஒன்னும் நடக்கலியாம் லா" என்று சொல்வதும் கேட்டது. "கவலப்படாதீங்க சார், ஞாயித்துக்கெழம வந்து மொத வேலையா ஆன் பண்ணிர்றேன்."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை வரும் என்பதை அவருக்கு விளக்கப் பார்த்தேன். நாதஸ்வரம் பெரிதாகிவிட்டது.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரே ஒரு கட்டத்தைத் திறந்து, தலைவர் முகவரியை எடுத்துவிட்டு, அழித்த நான்கையும் திரும்ப எழுத வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் என் அறையிலிருந்து அவற்றைத் தொடவே முடியாது. தொடுவதற்கு இருந்த ஒரே வழி செத்துக் கிடந்த அந்த நெட்வொர்க். நேரில் போனால் முப்பத்து நான்கு வீடு, மலாக்காவின் நான்கு மூலை. பதினான்கு படிகளில் ஆங்கிலத்தில் ஒரு வழிமுறை எழுதி அச்சடித்துக்கொண்டு குருபோங்குக்கு ஓடினேன்.

லெட்சுமி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு படி படித்தார்.

"இது யாருக்கு எழுதுனது தம்பி? உங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான் அக்கா."

"இத படிச்சா அவனவன் கம்ப்யூட்டர தூக்கி வெளிய போட்டுருவான். என்னா செய்யணும்னு வாயால சொல்லுங்க."

சொன்னேன். அவர் அதை அரை நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடிய ஒரு சேதியாக்கினார். நான்கு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிப் படம் எடுத்தார். அப்புறம் இருவருக்கு மட்டும் போன் அடித்தார். எல்லாருக்கும் நீங்களே அடிக்கலாமே என்றேன்.

"எனக்கு எல்லாரையும் தெரியாதே. ரெண்டு பேரத் தெரியும். அவங்க ரெண்டு ரெண்டு பேருக்குச் சொல்லுவாங்க. எடிக்கும் அப்புடித்தான். யாராச்சும் போன எடுக்கலன்னா பக்கத்து வீட்டுக்கு அடிப்போம்."

என் பதினான்கு படித் தாளை மடித்துப் பையில் வைத்தேன். பல மாதம் படித்து நான் மேடையில் விளக்கிய அதே முறையை இந்த அம்மாள் மோடம் வெந்த நாளிலிருந்து நடத்திக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தொடக்க விழாவும் இல்லை, மாலையும் இல்லை.

போனை வைத்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "ஆமா, நாலு பேருல யாரு பேர மொதல்ல எழுதச் சொல்றது? துணைத்தலைவர் கோச்சுக்குவாரே."

மறுபடியும் அதே பள்ளம்.

"ஒன்னு செய்யலாம்" என்றார் அக்கா. "அவங்கவங்களுக்கு யாரு வீடு கிட்டவோ அவங்க பேர மொதல்ல போடட்டும். தங்கா பத்துக்காரங்களுக்குத் துணைத்தலைவர். உம்பாய்ல இருக்கவங்களுக்குச் சங்கத்து ரூம். டவுன்ல செயலாளர். இங்க நான். ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொருத்தர் மொதல்ல. யாரு சண்ட போடுவா?"

இரண்டு கூட்டம் போட்டும் எங்களால் முடியாதது அரிசி களைகிற நேரத்தில் முடிந்தது. தொழில்நுட்பப்படி பார்த்தாலும் அதுதான் சரியான முறை. எனக்கு அது தோன்றவில்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குள் முப்பத்திரண்டு கம்ப்யூட்டர் திரும்பிவிட்டன. தலைவர் வீடு பூட்டியே கிடந்தது. மற்ற இரண்டு மறுநாள் காலையில் வந்தன.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. இன்னும் ஒன்றரை மணி நேர வேலை பாக்கி. தர்ஷினி திரையைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். உம்பாய்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாம் ஒன்றாக அணைந்தால் பாதியில் நிற்கும் கணக்குகளை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். ஐந்து மணிக்குள் முடியாது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. ஒரு பிள்ளையோட வாழ்க்க."

"சொல்லாம இருந்து யாரு வீட்டு டிவியாச்சும் வெந்துபோச்சுன்னா? அடுத்த தடவ நான் சொன்னா யாரு நம்புவா?"

தர்ஷினி போனை என் கையிலிருந்து வாங்கிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "ஆண்டி, நீங்க சொல்லுங்க. எனக்காக யாரு வீட்லயும் ஒன்னும் எரிய வேணாம்."

அக்கா சொன்னார்: "இருமா. எடி எல்லா எடத்துலயும் ஒன்னாவா இடிக்குது? எங்க தலைக்கு மேல இடிக்குதோ அங்க மட்டும் பிடுங்கட்டும். நின்ன ஒடனே திரும்ப மாட்டட்டும். நான் சொல்லிர்றேன்."

உம்பாயில் ஐந்து அணைந்தன. அவற்றின் வேலையை மற்றவை வாங்கிக்கொண்டன. அடுத்து டவுனில் எட்டு. டவுன் அணைந்திருக்கும்போதே உம்பாய் ஒவ்வொன்றாகத் திரும்பியது. பிறகு தங்கா பத்து போனது, டவுன் வந்தது. கடைசியில்தான் இடி குருபோங்குக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா தன் பிளக்கைப் பிடுங்கியபோது அங்கே செய்ய வேலையே மிச்சமில்லை. தர்ஷினி பதிவேற்றும் பொத்தானை அழுத்தியபோது ஐந்து மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அழுத்திவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நானும் அழுதேன். அவள் அழுதது நிம்மதியில். நான் அழுததில் பாதி, செய்தது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்து மெயின் சுவிட்சைப் போட்டார். அடுத்த கூட்டத்தில் அவருக்கு நினைவுக் கேடயம் கொடுத்தார்கள். "நான் ஊர்ல இல்லாதப்பவும் என் கம்ப்யூட்டர் இந்தப் பிள்ளைக்காக ஓய்வில்லாம ஒழச்சிச்சு" என்று பேசினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். லெட்சுமி அக்கா பின்வரிசையில் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கதையை நான் பல வருடம் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எப்போதும் கேடயத்தோடு நிறுத்திவிடுவேன்.

மிச்சத்தை இன்றுதான் சொல்கிறேன். தர்ஷினியின் ஆய்வேடு புத்தகமாகி என் கைக்கு வந்தது. நன்றிப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கொடுத்தவர்களின் பெயர்களை, அந்த வெள்ளிக்கிழமை இடி வந்த வரிசையில் போட்டிருந்தாள். உம்பாய்க்காரர்கள் முன்னால், குருபோங் கடைசி என்பதால் லெட்சுமி அக்கா அடியில் இருந்தார். அன்றைக்கு அணைந்தே கிடந்த தலைவர் வீடு பட்டியலில் இல்லை. எல்லாருக்கும் மேலே, தனி வரியில், ஒரு பெயர்: நெட்வொர்க் விழுந்தபோது தூக்கி நிறுத்தியவர் என்று என் பெயர்.

அதைத் தள்ளிவிட்டவனும் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் பெயர் என்னுடையது. சத்தியமாகச் சொல்கிறேன், இனித்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். தலைவர் முகத்தில் எரிந்த அதே விளக்குதான். என் மனைவி சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

தர்ஷினி, நீயும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாய். அந்த நான்கு முகவரியை அழித்தது நான். லைன் ப்ராப்ளம் என்று சொன்னது பொய். நூலகத்தில் இருக்கும் பிரதியை ஒன்றும் செய்ய முடியாது. உன்னிடம் இருக்கும் பிரதியில் ஒரு பேனாவை எடுத்து என் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அக்கா பெயரை எழுதம்மா. என் வீட்டுச் சட்டத்தை நானே கழற்றிக்கொள்கிறேன்.

இதை எழுதி முடிக்கும்போது தங்கா பத்துப் பக்கம் வானம் கறுத்திருக்கிறது. மேசையில் போன் அடிக்கிறது; அக்காதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டால், இடி வந்தது, அனுப்ப முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். முன்னாலும் அப்படித்தான் சொன்னேன். அதனால் முதலில் இதை அனுப்பிவிட்டு, பிறகு அவரிடம் பேசுகிறேன்.